மினி கூப்பர் எஸ் ஆர்53: வீட்டு வாசலில் வைத்தே சூப்பர்சார்ஜர் காரை மாற்றியமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் என்னிடம் இருப்பது 2005 ஆம் ஆண்டு மினி கூப்பர் எஸ், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார். இதே கார் வைத்திருக்கும் நம்மவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். எல்லாம் சாதாரண வீட்டு வாசலில், டிராலி ஜாக்கியும் ஸ்பேனர் செட்டும் வைத்துச் செய்யக்கூடிய வேலைகள். எதை வீட்டில் செய்யக்கூடாது என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

ஆர்53 என்றால் எந்தக் கார்? எல்லா கூப்பர் எஸ்ஸும் சூப்பர்சார்ஜர் கார்தானா?

இல்லை. பிஎம்டபிள்யூ கைக்கு வந்த பிறகு ஆக்ஸ்போர்டில் தயாரான முதல் தலைமுறை மினியில், 2002 முதல் 2006 வரை விற்ற கூப்பர் எஸ் ஹேட்ச்பேக்கின் உள்பெயர்தான் ஆர்53. அதே எஞ்சினோடு வந்த கன்வர்டிபிள் ஆர்52, அது 2008 வரை ஓடியது. 2006 கடைசியில் வந்த ஆர்56 கூப்பர் எஸ் டர்போ கார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் இங்கே எழுதியிருப்பதில் பெரும்பாலானது அதற்குப் பொருந்தாது. வாங்கப் போகும்போது குழப்பம் இருந்தால் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஹெட்லைட் இரண்டும் பானெட்டோடு சேர்ந்து மேலே வந்தால் அது முதல் தலைமுறை.

எஞ்சின் 1598 சிசி, நான்கு சிலிண்டர். பெயர் ட்ரைடெக். கிரைஸ்லரும் பிஎம்டபிள்யூவும் சேர்ந்து பிரேசிலில் உள்ள காம்போ லார்கோவில் தொழிற்சாலை கட்டித் தயாரித்தது. முதலில் 163 குதிரைத்திறன், 2004 மாற்றங்களுக்குப் பிறகு 170. மினியின் பவரைக் கூட்டும் பாகங்கள் தரும் ஜான் கூப்பர் வொர்க்ஸின் கிட் போட்டவை 200, பிறகு 210. 2006 இல் 2,000 கார்கள் மட்டும் வந்த ஜிபி பதிப்பு 218. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாம் வீட்டில் செய்யப் போவதும் ஏறக்குறைய ஜான் கூப்பர் வொர்க்ஸ் ஆட்கள் போன அதே பாதைதான்.

டர்போவை விட இதில் மாற்றங்கள் செய்வது சுலபம் என்கிறார்களே, ஏன்?

டர்போவும் காற்றைத் தள்ளும் கருவிதான், ஆனால் அது சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் சுழல்கிறது. சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டது, எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறதோ அதற்கேற்ப அதுவும் சுற்றும். இந்தக் காரில் இருப்பது ஈட்டன் எம்45. பெயரில் இருக்கும் 45 என்பது ஒரு சுற்றுக்கு அது தள்ளும் காற்றின் அளவு, 45 கன அங்குலம், அதாவது முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, அதன் தலையில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைச் சிறியதாக்கினால் அது வேகமாகச் சுற்றும், காற்று அதிகம் போகும், பிக்கப் கூடும். கணினி இல்லாமல் ஒரே ஒரு உலோக வளையத்தை மாற்றி இவ்வளவு வித்தியாசம் பார்க்கக்கூடிய கார்கள் அதிகம் இல்லை.

சரி, முதலில் எதை வாங்கட்டும்? புல்லியா, ஃபில்டரா?

இரண்டும் வேண்டாம். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, அதனால் நீட்டியே எழுதுகிறேன்.

இந்தக் காரில் தண்ணீர் பம்ப் பெல்ட்டில் ஓடவில்லை. சூப்பர்சார்ஜரின் பின்முனையில் இருந்து பற்சக்கரம் வழியாக ஓடுகிறது. சூப்பர்சார்ஜரின் முன்முனையில் ஒரு சின்ன எண்ணெய்த் தொட்டி, பின்முனையில் தண்ணீர் பம்ப்பை ஓட்டும் பற்சக்கரங்களுக்கு இன்னொரு சின்ன எண்ணெய்த் தொட்டி. இவை எஞ்சின் ஆயிலோடு சம்பந்தமே இல்லாத தனி எண்ணெய். தயாரிப்பாளரின் கணக்கில் அது ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத எண்ணெய். ஆனால் இந்தக் கார்களின் வயது இப்போது இருபதைத் தொட்டுவிட்டது. திறந்து பார்த்தால் பின் தொட்டியில் கருப்பாகக் கொஞ்சம் பிசுபிசுப்பு மட்டும் மிச்சமிருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. எண்ணெய் வற்றினால் பற்சக்கரம் தேயும், தேய்ந்தால் ஒரு நாள் பம்ப் சுற்றுவது நிற்கும், எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போகும். இந்த நிலையில் இருக்கும் சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி போட்டு இன்னும் வேகமாகச் சுற்றவிட்டால் அது போகும் நாள் சீக்கிரம் வரும், அவ்வளவுதான்.

அதனால் முதல் செலவு சூப்பர்சார்ஜரைக் கழற்றி இரண்டு முனையிலும் எண்ணெய் மாற்றுவது. சூப்பர்சார்ஜருக்கென்றே விற்கும் செயற்கை எண்ணெய் இருக்கிறது, எஞ்சின் ஆயிலை ஊற்றாதீர்கள். கையோடு கையாகத் தண்ணீர் பம்ப்பையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், மறுபடி அவ்வளவு தூரம் கழற்ற யாருக்கும் மனம் வராது. வீட்டில் செய்தால் ஒரு முழு வார இறுதி பிடிக்கும்.

அதே நேரத்தில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. கூலன்ட் ஊற்றும் பிளாஸ்டிக் டப்பா ஒட்டு இடத்தில் விரிசல் விடும், ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்த தடம் இருந்தால் மாற்றுங்கள். கிராங்க் புல்லியின் நடுவில் இருக்கும் ரப்பர் பிரிந்து, புல்லி ஆடிக்கொண்டு சுற்றும். கிராங்க் சென்சாரின் ஓ-ரிங்கில் ஆயில் கசியும். ரேடியேட்டர் ஃபேனின் மெதுவான வேகம் வேலை செய்யாமல் போகும், சாலையில் ஓடும்போது தெரியாது, நெரிசலில் நிற்கும்போதுதான் தெரியும். இவையெல்லாம் சரியாக இருக்கும் காரில்தான் மேலே எதுவும் செய்ய வேண்டும்.

15 சதவீதப் புல்லி என்கிறார்கள். எது 15 சதவீதம்?

விட்டத்தில் 15 சதவீதம் சிறியது. ஆனால் வேகம் கூடுவது 15 அல்ல, ஒன்றை 0.85ஆல் வகுத்துப் பாருங்கள், 17.6 சதவீதம் கூடும். 17 சதவீதப் புல்லி போட்டால் 20.5, 19 சதவீதப் புல்லி போட்டால் 23.5. கம்பெனி புல்லியோடு ஏறக்குறைய 0.8 பார் வரும் காற்றழுத்தம் 15 சதவீதப் புல்லியோடு 1 பார் பக்கம் போகும். வண்டிக்கு வண்டி மாறும், ஆனாலும் 15 குதிரைத்திறன் அருகில் கூடும் என்று எதிர்பார்க்கலாம். எண்ணை விட ஓட்டும்போது கிடைப்பது முக்கியம். 3,000 சுற்றிலேயே இழுவை தெரிய ஆரம்பிக்கும், ஏற்றத்தில் கியர் குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்காமலே போகலாம்.

அப்படியென்றால் 19 போட்டால் இன்னும் நல்லதுதானே?

வேண்டாம். எம்45 ரூட்ஸ் வகை, காற்றை உள்ளுக்குள் அமுக்குவதில்லை, அள்ளி முன்னே தள்ளுகிறது, அமுக்கம் வெளியே நடக்கிறது. இதில் வெப்பம் அதிகம். வெளியே 25 டிகிரி இருக்கும் நாளில், 55 முதல் 60 சதவீதத் திறன் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 0.8 பாரில் வெளிவரும் காற்று 115 முதல் 125 டிகிரி வரை இருக்கும், 1 பாரில் 135 முதல் 145. இதற்கு மேல் வேகத்தைக் கூட்டினால் திறன் விழும், கூடுதலாகத் தள்ளும் காற்றில் பெரும்பங்கு வெப்பமாகவே போகும், எஞ்சின் கணினி நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வரக்கூடாதென்று இக்னிஷன் நேரத்தைத் தள்ளிப்போடும். கொடுத்ததை அதுவே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஹெட், கேம்ஷாஃப்ட், பெரிய இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பாகம்), இசியு (எஞ்சின் கணினி) டியூனிங் எல்லாம் சேர்த்துச் செய்பவர்கள் 17 போடுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. தினமும் வேலைக்கு ஓட்டும் காருக்கு 15 போதும் என்பதுதான் என் முடிவு.

புல்லியை வீட்டில் எப்படி மாற்றுவது?

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பெல்ட் இருப்பது காரின் வலது பக்கம். வலது முன்சக்கரத்தைத் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றி, வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரை எடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் கையோ தலையோ விடாதீர்கள், ஐந்து நிமிட வேலையாக இருந்தாலும் சரி. பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது, சூப்பர்சார்ஜர் முன்னால் இடத்தை எடுத்துக்கொண்டதால் அங்கே போய்விட்டது. அதன் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள்.

அடுத்து பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். இதன் ஸ்பிரிங் மிக வலுவானது, இதற்கென்று நீளமான கருவி விற்கிறார்கள், இரவல் கிடைத்தால் இரவல் வாங்குங்கள். கருவியால் அமுக்கி, ஓட்டை நேராக வந்ததும் ஊசியைச் செருகிப் பூட்டி, பிறகு பெல்ட்டைக் கழற்றவும். ஊசி சரியாக உட்காராமல் நழுவினால் விரல் போகும். டென்ஷனர் கையில் இருக்கும் தடுப்பு உடைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய கார்களில் உடைந்தே இருக்கும்.

புல்லி, தண்டில் இறுக்கமாக அமுக்கிப் பொருத்தப்பட்டது. போல்ட்டைக் கழற்றியதும் கையில் வந்துவிடும் சமாச்சாரம் இல்லை. இந்தப் புல்லிக்கென்றே செய்த புல்லர் கருவி வேண்டும், மூன்று கால் சாதாரண புல்லர் ஓரத்தை உடைத்துவிடும். சில கருவிகளுக்கு இடம் போதாது, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு வலது எஞ்சின் மவுன்ட்டைத் தளர்த்தி எஞ்சினைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும். புதிய புல்லியையும் கருவியால்தான் உள்ளே தள்ள வேண்டும். சுத்தியலால் தட்டாதீர்கள். அந்த அடி நேராக உள்ளே இருக்கும் பேரிங்குக்கும் ரோட்டருக்கும் போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் பொறுமை இழந்து நாலு தட்டு தட்டினார், இரண்டு மாதத்தில் சூப்பர்சார்ஜர் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்து, கடைசியில் பழைய காரிலிருந்து எடுத்த வேறொன்றை வாங்கிப் போட்டார்.

சின்ன புல்லிக்குச் சற்றுக் குட்டையான பெல்ட் வேண்டும். புல்லி விற்பவரிடமே அதற்கு ஏற்ற பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள், பழைய பெல்ட்டையே மாட்டினால் டென்ஷனர் எல்லைக்குப் போய் மிதியை அழுத்தும்போது பெல்ட் வழுக்கும். மாட்டியதும் எல்லாப் புல்லியிலும் ஆறு வரிகளும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வரி தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, பத்து கிலோமீட்டரில் பெல்ட் கிழிந்துவிடும். பிறகு எஞ்சினைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, மறுபடி ஒருமுறை டார்ச்.

முதல் தடவை செய்பவருக்கு நான்கைந்து மணி நேரம். கருவி வாங்கும் விலையும் தெரிந்த மெக்கானிக் கேட்கும் கூலியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் மெக்கானிக்கிடம் கொடுப்பதில் தவறே இல்லை.

புல்லி மாற்றினால் ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். ஒரு படி குளிர்ச்சியான பிளக் போடுங்கள், என்ஜிகேயில் 6 என்று வருவதற்குப் பதில் 7 என்று வருவது. அந்த எண் கூடக் கூட பிளக் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும் என்று அர்த்தம். எஞ்சின் ஆறியிருக்கும்போது, முதல் சில சுற்று கையால் திருகிவிட்டு, பிறகுதான் இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரென்ச். ஹெட் அலுமினியம், மரை போனால் செலவு பெரிது. இந்தக் காரில் ஒரே காயிலில் இருந்து நான்கு வயர் வருகிறது, பழைய வயராக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் 98 ஆக்டேன் பக்கம் போடுங்கள். புல்லிக்குச் செலவழித்துவிட்டு பெட்ரோலில் மிச்சம் பிடிப்பதில் பயனில்லை.

கூம்பு ஃபில்டர் போட்டால் பவர் வருமா?

சத்தம் வரும். சூப்பர்சார்ஜரின் அந்த விசில் சத்தம் இந்தக் காரின் உயிர், அது நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் போடுங்கள், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் எஞ்சின் சூட்டைத் தடுக்கும் பெட்டியோ தகடோ இல்லாமல் கூம்பை மட்டும் வைத்தால் சூடான காற்றைத்தான் இழுக்கும், அது கம்பெனி பெட்டியை விட மோசம்.

இன்டர்கூலரை மாற்றலாமா? பானெட்டில் இருக்கும் ஓட்டை அழகுக்கா?

அழகுக்கு இல்லை, இந்தக் காரில் அது வேலை செய்யும் ஓட்டை. இன்டர்கூலர் எஞ்சினுக்கு நேர் மேலே படுத்திருக்கிறது, அதற்குக் காற்று வரும் ஒரே வழி அந்த ஸ்கூப். ஸ்டைலுக்காக அதில் வலை ஒட்டுவது, ஸ்டிக்கரால் பாதியை மூடுவது, ஸ்கூப்புக்குள் விளக்கு வைப்பது எல்லாம் இன்டர்கூலரின் மூக்கைப் பொத்துவது.

மாற்றுவதற்கு முன்னால் இருப்பதைக் கவனியுங்கள். ஸ்கூப்புக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் இருக்கும் பஞ்சோ ரப்பரோ நைந்து போயிருந்தால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும், மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு. இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் இணைப்புகளில் வெடிப்பு இருந்தால் அமுக்கிய காற்று கசியும். கழற்றி உள்ளே பாருங்கள், கொஞ்சம் ஆயில் படிந்திருப்பது சகஜம், அதைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ஃபின்களுக்கு நடுவில் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாஷர் ஃபின்னை மடக்கிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வெயில் நாளில் சிக்னலில் நின்று கிளம்பும்போது கார் சோர்ந்து போனால், அப்போது பெரிய இன்டர்கூலர் யோசிக்கலாம். ஜிபி பதிப்பில் கம்பெனியே பெரியது போட்டது. ஓடிக்கொண்டே இருக்கும் காருக்கு இது நல்ல பலன் தரும், நின்று நின்று போகும் நெரிசலில் எந்த மேல்வைப்பு இன்டர்கூலரும் சூடாகத்தான் செய்யும்.

சைலன்சர்?

பின்னால் நடுவில் இரட்டைக் குழாய், உள்ளே இரண்டு உருண்டை மஃப்ளர். ஒன்றை வெட்டி எடுத்துக் குழாய் வைப்பது உலகமெங்கும் இந்தக் கார்க்காரர்கள் செய்யும் மலிவான வேலை. வெல்டிங் தெரியாதவர்கள் வீட்டில் செய்ய வேண்டாம், பெட்ரோல் டாங்க் தூரத்தில் இல்லை. பிரிட்டனில் சத்தத்தைக் கூட்டும்படி சைலன்சரை மாற்றி ஓட்டுவது சட்டத்துக்கு எதிரானது என்பதும் நினைவிருக்கட்டும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டால் இங்கே வருடாந்திர வாகனச் சோதனையான எம்ஓடியில் தோல்விதான். எனக்குக் கம்பெனி சத்தமே போதும், விசில் தெளிவாகக் கேட்கிறது.

இசியு டியூனிங் வீட்டில் செய்யலாமா?

இதில் இருப்பது சீமென்ஸ் கணினி, லேப்டாப்பும் கேபிளும் இருந்தால் எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் எரிபொருள் விகிதத்தை அளக்காமல், வேறொருவரின் காருக்கு எழுதிய கோப்பை அப்படியே ஏற்றுவது சூதாட்டம். 15 சதவீதப் புல்லியும் பிளக்கும் மட்டும் என்றால் கம்பெனி கணினியே சமாளிக்கிறது. அதற்கு மேல் போகும்போது, இன்ஜெக்டரையும் 330 சிசியில் இருந்து ஜான் கூப்பர் வொர்க்ஸ் போட்ட 380 சிசிக்கு மாற்றும்போது, பவரை அளக்கும் டைனோ வைத்திருக்கும் ஆளிடம் போய் நேரில் டியூன் செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு வேலையை நான் வீட்டில் செய்யவே மாட்டேன்.

பானெட் பட்டை நானே ஒட்டினால் குமிழ் வராமல் இருக்குமா?

வராது, அவசரப்படாவிட்டால். 15 முதல் 25 டிகிரி வரை இருக்கும், காற்று இல்லாத ஒரு காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வெயிலில் சூடான பானெட்டில் வினைல் பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், குளிரில் ஒட்டவே ஒட்டாது. முதலில் ஷாம்பு, பிறகு தார்ப் புள்ளிகளை எடுத்துவிட்டு, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். அன்றைக்கு மட்டும் வேக்ஸ் போடாதீர்கள்.

நடுக்கோட்டை டேப் வைத்து அளந்து, பட்டையைக் காகிதத்தோடு வைத்து நாலடி தள்ளி நின்று பாருங்கள். இரண்டு மி.மீ கோணல் கிட்ட நின்றால் தெரியாது, தெருமுனையில் இருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். தண்ணீரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பு கலந்து பெயின்ட்டிலும் பசையிலும் தாராளமாகத் தெளித்து, பட்டையை வைத்து, வழுக்கி நகர்த்திச் சரிசெய்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் தகட்டால் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். ஸ்கூப் இருக்கும் இடத்தில் ஒரே துண்டாக இழுக்காதீர்கள். ஸ்கூப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஸ்கூப்பின் மேல் தனித் துண்டு. மீதியை வெட்டும்போது பெயின்ட் மேல் பிளேடு வைக்காமல், வினைலுக்கு அடியில் வைக்கும் வெட்டு நூல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழுவ வேண்டாம்.

முன்னால் நான்கு பெரிய விளக்கு வைத்தால் நன்றாக இருக்குமே?

நன்றாகத்தான் இருக்கும், அதற்கு வரலாறும் இருக்கிறது. பழைய மினி கூப்பர் எஸ் 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியை வென்றது. 1964 இல் பேடி ஹாப்கிர்க் ஓட்டிய 37 ஆம் எண் சிவப்பு மினியின் படம் பார்க்காத மினி பிரியர் இருக்க மாட்டார். 1966 இல் முன்னணியில் வந்தும் தகுதி நீக்கினார்கள், காரணம் ஹெட்லைட் பற்றிய விதி. அந்த ராலி முகத்துக்காகத்தான் இன்றும் எல்லாரும் விளக்கு வைக்கிறார்கள்.

ஆனால் ஆர்53இல் நான்கு வேண்டாம், இரண்டு போதும். நான்கு வைத்தால் ரேடியேட்டருக்குப் போகும் காற்று தடைபடும், சூட்டோடு மல்லுக்கட்டும் காரில் அது தேவையில்லாத வம்பு. வயரிங்கை ஹெட்லைட் சுவிட்சில் நேராகக் கொடுக்காமல் ரிலே, ஃபியூஸ் வைத்துக் கொடுங்கள். ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் குரோம் வளையத்தைக் கருப்பாக்க வேண்டுமென்றால் வினைல் சுற்றுவதே சுலபம், பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். ஹாலோஜன் ஹெட்லைட்டுக்குள் எல்இடி பல்ப் மாட்டாதீர்கள், எம்ஓடியில் தோற்கும், எதிரே வருபவரின் கண்ணும் கூசும்.

சக்கரம், ஸ்பிரிங் பற்றிச் சொல்லுங்கள்.

நான்கு போல்ட், 100 மி.மீ வட்டம், நடு ஓட்டை 56.1 மி.மீ. 17 அங்குலம் அழகு, ஆனால் காற்று போனாலும் ஓடும் ரன்ஃப்ளாட் டயரோடு அது கனம், குழியில் விழும்போது இடுப்பு வலிக்கும். எடை குறைந்த 16 அங்குலச் சக்கரமும் சாதாரண டயரும் போட்டபோது, புல்லி மாற்றிய அளவுக்கே எனக்குச் சந்தோஷம் கிடைத்தது. இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது, ரன்ஃப்ளாட்டை எடுத்தால் பஞ்சர் கிட்டும் காற்று பம்ப்பும் டிக்கியில் இருக்கட்டும். சக்கர போல்ட் அளவு கடைசிக் காலக் கார்களில் மாறியது, பழையதைக் கையில் எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள். ஸ்பேசர் வைத்தால் நீளமான போல்ட் கட்டாயம்.

முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் தகடு குழியில் அடிபட்டுக் காளான் போல மேலே உப்பும், இந்தக் காரின் பழைய வியாதி. பானெட்டைத் திறந்து இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். காரைத் தாழ்த்தும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் பலப்படுத்தும் தகட்டைப் போடுங்கள். பின் ஆன்ட்டி-ரோல் பாரைத் தடிமனாக்கினால் வளைவில் கார் நன்றாகத் திரும்பும், ஆனால் மழையில் ரவுண்டானாவில் சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வரப் பார்க்கும். மாற்றிய முதல் வாரம் நிதானமாக ஓட்டிப் பழகுங்கள்.

இன்ஷூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா? பட்டைக்குக் கூடவா?

சொல்லுங்கள், பட்டையையும் சேர்த்துச் சொல்லுங்கள். புல்லி, சக்கரம், ஸ்பிரிங், சைலன்சர் எல்லாமே மாற்றம்தான். சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ அவர்களுக்கு வழி கிடைக்கும். பிரீமியம் கூடும், பழகிய நிறுவனத்தை விட மாற்றியமைத்த கார்களுக்கென்றே இருக்கும் நிறுவனங்களில் விலை குறைவாகக் கிடைக்கலாம். காரின் நிறத்தையே மாற்றினால் வாகனப் பதிவைக் கவனிக்கும் டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். முன் கதவுகளின் கண்ணாடி 70 சதவீத ஒளியையாவது உள்ளே விட வேண்டும், கருப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் செய்யலாமா என்று தம்பி ஒருவர் கேட்டார்.

மினி இந்தியாவுக்கு முறையாக வந்தது 2012 இல், அப்போது கூப்பர் எஸ் டர்போவாகிவிட்டது, ஆகவே ஆர்53 அங்கே பார்ப்பது அபூர்வம். வேறு எந்தக் காராக இருந்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவு இருக்கிறது. ஆர்சியில் உள்ள விவரங்களுக்கு மாறாக, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொன்னது. ஆர்டிஓவிடம் கேட்காமல் எஞ்சின் பக்கம் கை வைக்க வேண்டாம், தம்பி.

எல்லாம் முடிந்தது. முதல் ஓட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் பத்து நிமிடம் நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, பெல்ட் நேராக ஓடுகிறதா, எங்காவது கூலன்ட் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஃபேன் ஒருமுறை தானாகச் சுற்றி நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு வீட்டுக்குப் பக்கத்திலேயே, மிதியைப் பாதிக்கு மேல் அழுத்தாமல், இருபது கிலோமீட்டர். திரும்பி வந்து ஆறிய பின் சக்கர போல்ட்டுகளை மறுபடி டார்க் ரென்ச்சால் பாருங்கள், எஞ்சின் ஆயிலையும் பாருங்கள். இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும், ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஓடும்போது சட்டென்று விசில் சத்தம் நின்று, பேட்டரி விளக்கு எரிந்தால் பெல்ட் போய்விட்டது என்று அர்த்தம். வேறு காரில் அடுத்த கராஜ் வரை மெதுவாக ஓட்டிப் போகலாமா என்று யோசிக்கலாம், இதில் கூடாது. பெல்ட் இல்லையென்றால் சூப்பர்சார்ஜர் இல்லை, சூப்பர்சார்ஜர் இல்லையென்றால் தண்ணீர் பம்ப் இல்லை. ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.